இருவாச்சி வரைபடமும் வௌவால் பாதையும்: வால்பாறையிலிருந்து வந்த ஒரு கேள்விக்கு விரிவான பதில்

வால்பாறைப் பகுதியில் பறவை பார்க்கும் குழு ஒன்றின் கேள்வி இது: “பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியல்களைப் பதிவிடும் இ-பேர்டு இணையத்தளத்தில் பல ஆண்டுகளாகச் சேர்ந்துள்ள பதிவுகளைக் கொண்டு, மேக்ஸென்ட் மென்பொருளில் பெரிய இருவாச்சிக்கு ஒரு வாழிட வரைபடம் செய்திருக்கிறோம். பார்க்க நன்றாகவே வந்திருக்கிறது. இதே முறையில் வௌவால்களுக்கும் செய்துவிடலாமா? ஒரு துண்டுக் காட்டிலிருந்து இன்னொன்றுக்கு இவை எந்த வழியாகப் போகின்றன என்பதையும் அந்த வரைபடத்திலிருந்தே எடுத்துவிடலாமா?”

முதல் கேள்விக்கு என் பதில், செய்யலாம் என்பதே. ஆனால் பறவைக்குச் செய்த நடைமுறையை அப்படியே வௌவாலுக்குப் பொருத்தினால், கிடைக்கும் வரைபடம் வௌவாலைப் பற்றிச் சொல்வதைவிட, அதைக் கண்டறிய வைக்கும் ஒலிப்பதிவுக் கருவியைப் பற்றியே அதிகம் சொல்லும். இரண்டாவது கேள்விக்கு, நேரடியாக எடுக்க முடியாது என்றே சொல்ல வேண்டும். ஓர் உயிர் தங்கி வாழும் இடம் வேறு, அது கடந்து செல்லத் துணியும் இடம் வேறு. இவற்றை விளக்குவதற்கு முன் உங்கள் இருவாச்சி வரைபடத்தையே ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது. வௌவால் விஷயத்தில் பூதாகரமாகப்போகும் சிக்கல்களின் விதை அதிலேயே இருக்க வாய்ப்புண்டு.

வால்பாறைப் பீடபூமி சுமார் 220 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி தேயிலை; இடையிடையே காப்பி, ஏலம், யூகலிப்டஸ்; இவற்றுக்கு நடுவில் சில ஏக்கர் முதல் சில நூறு ஏக்கர் வரையிலான மழைக்காட்டுத் துண்டுகள். சுற்றிலும் ஆனைமலை, பரம்பிக்குளம் புலிகள் காப்பகங்களும் வாழச்சால் காடுகளும் இருக்கின்றன. மழையளவு இங்கே வெகு சீக்கிரம் மாறும்: தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறும், மழை மறைவுப் பகுதியான சின்னாறு, அமராவதிப் பக்கத்து முட்காடுகளும் ஒரே மலைத்தொடரின் இரு முகங்கள். மாதிரி, அதாவது இத்தகைய கணிப்பு வரைபடத்துக்கான கணக்கு, உருவாக்குபவருக்கு இது வாய்ப்பும் பொறியுமான நிலப்பரப்பு.

மேக்ஸென்ட் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீவன் பிலிப்ஸ், ராபர்ட் ஆண்டர்சன், ராபர்ட் ஷாப்பையர் ஆகிய மூவரும் 2006இல் விரிவாக வெளியிட்ட இம்முறை, ஓர் உயிர் பதிவான புள்ளிகளில் மழை, வெப்பம், உயரம், மரப்போர்வை முதலியவை எப்படி இருக்கின்றன என்று பார்த்து, அதே வட்டாரத்தில் எழுந்தமானமாக, அதாவது குலுக்கல் முறையில், எடுத்த பின்னணிப் புள்ளிகளோடு அவற்றை ஒப்பிடுகிறது. இரண்டுக்கும் எங்கே வேறுபாடு அதிகமோ அங்கே பொருத்தம் அதிகம் என்று நிறம் தீட்டுகிறது. ‘இல்லை’ என்ற தரவு அதற்குத் தேவையில்லை. அதனால்தான் இவ்வளவு பரவலாகப் பயன்படுகிறது. அதே காரணத்தால், அது தரும் எண்ணை ‘இங்கே இருவாச்சி இருப்பதற்கான நிகழ்தகவு’ என்று படிக்கக் கூடாது. ஓரிடத்தை இன்னோரிடத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் மதிப்பு மட்டுமே அது.

பதிவுகள் எங்கிருந்து வந்தன என்பதே முதல் சிக்கல். ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருபவர்கள் எங்கெங்கே வண்டியை நிறுத்துகிறார்களோ அங்கெல்லாம் பட்டியல்கள் குவியும். எஸ்டேட் சாலை, நகருக்கு அருகிலுள்ள காட்டோரம், தங்கும் விடுதியின் வாசல் ஆகியவற்றிலும் அப்படியே. மென்பொருளுக்கு இது தெரியாது. இருவாச்சி சாலையோரத்தை விரும்புகிறது என்று அது கற்றுக்கொள்ளும். சாலை எந்த உயரத்தில் ஓடுகிறதோ அந்த உயரத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளும். பின்னணிப் புள்ளிகளை மலை முழுவதிலிருந்தும் எடுக்காமல், அதே பார்வையாளர்கள் பிற பறவைகளைப் பதிவு செய்த இடங்களிலிருந்து எடுப்பது இதற்கு நல்ல மாற்று. அப்போது இரு தரப்பிலும் சாலைச் சார்பு சமமாக இருப்பதால் அது பெருமளவு கழிந்துபோகும். கேரளப் பறவை அட்லஸ் இந்தச் சிக்கலை வேரிலேயே தவிர்த்தது: 2015 முதல் 2020 வரை, மாநிலம் முழுவதும் முன்கூட்டியே தேர்ந்தெடுத்த சிறு கட்டங்களுக்குத் தன்னார்வலர்கள் மழைக்காலத்தில் ஒருமுறையும் வறண்ட காலத்தில் ஒருமுறையும் சென்று பதிவு செய்தார்கள், 361 இனங்களுக்குத் தரவு சேர்ந்தது. பறவை கிடைக்கும் என்று நம்பிய இடத்துக்குப் போகாமல், குலுக்கலில் வந்த இடத்துக்குப் போனதுதான் அத்தரவின் பலம். ஆனைமலையின் தமிழ்நாட்டுப் பக்கத்திலும் அப்படி ஒன்று நடந்தால் நம் வரைபடங்களின் தரமே மாறிவிடும்.

அடுத்தது, புள்ளி எதன் மீது விழுந்திருக்கிறது என்பது. இ-பேர்டில் பதிவாகும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பார்வையாளருடையவை, பறவையுடையவை அல்ல. பள்ளத்தாக்கின் இக்கரையில், தேயிலைச் சரிவில் நின்றுகொண்டு அக்கரைக் காட்டு விளிம்பில் அத்தி மரத்தில் அமர்ந்திருக்கும் இருவாச்சியைத் தொலைநோக்கியில் பார்த்துப் பதிவிட்டால், கணக்கில் அது தேயிலைத் தோட்டத்து இருவாச்சி ஆகிவிடும். 8 கிலோமீட்டர் நடந்து ஒரே பட்டியலாகப் போட்டிருந்தால், அந்த நடைக்கு ஒரே ஒரு புள்ளிதான். வால்பாறை போன்ற இடத்தில் 8 கிலோமீட்டருக்குள் தேயிலை, காப்பி, காடு, ஆறு எல்லாம் வந்துபோகும். ஆகவே 1 கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்த பட்டியல்களை நீக்கிவிட்டு மாதிரியை மறுபடி ஓட்டிப் பாருங்கள். பாதித் தரவு போய்விடும், மிஞ்சியதை நம்பலாம்.

மழை, வெப்பம், மரப்போர்வை முதலியவற்றைக் காட்டும் சுற்றுச்சூழல் வரைபட அடுக்குகளிலும் இதே கவனம் வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உலகளாவிய மரப்போர்வை வரைபடங்கள் காட்டையும் தோட்டத்தையும் பிரித்துச் சொல்வதில்லை. தேயிலைக்கு நிழலாக நட்ட சில்வர் ஓக்கும், யூகலிப்டஸ் தோப்பும், நாங்கும் பலாவும் அடர்ந்த மழைக்காடும் அவற்றில் ஒரே பச்சை. காலநிலை அடுக்குகள் பெரும்பாலும் 1 கிலோமீட்டர் கட்டங்களாக வருகின்றன. மலைச்சரிவில் 1 கிலோமீட்டருக்குள் உயரம் சில நூறு மீட்டர் மாறிவிடும் என்பதோடு, மலையில் வானிலை நிலையங்கள் மிகக் குறைவாதலால் அந்த எண்களில் பெரும்பாலானவை இடைக்கணிப்பு. பெரிய இருவாச்சியை உண்மையில் கட்டுப்படுத்துபவை இரண்டு: கூடு வைக்கத் தக்க பொந்துடைய, வயதான பெருமரம், ஆண்டு முழுவதும் ஏதாவதொன்று பழுத்திருக்கும் அளவுக்கு அத்தி வகைகள். இவ்விரண்டும் எந்தச் செயற்கைக்கோள் அடுக்கிலும் இல்லை. எஸ்டேட் எஸ்டேட்டாக நடந்து கூட்டு மரங்களையும் அத்தி மரங்களையும் குறித்துக்கொண்டால், பத்தொன்பது காலநிலை மாறிகளையும் சேர்த்து ஓட்டியதைவிட நல்ல வரைபடம் கிடைக்கும் என்பது என் கருத்து.

பறவை பதிவான இடங்களையும் பின்னணி இடங்களையும் மாதிரி எவ்வளவு நன்றாகப் பிரித்தறிகிறது என்பதற்கு 1 வரை தரப்படும் மதிப்பெண்ணான ஏயூசி, உங்கள் மாதிரிக்கு 0.95க்கு மேல் என்று எழுதியிருந்தீர்கள். அதற்காக மகிழ வேண்டாம். பின்னணிப் புள்ளிகளைப் பொள்ளாச்சி, உடுமலைச் சமவெளி வரை விரித்திருந்தால், மழைக்காட்டுப் பறவை தென்னந்தோப்பில் இல்லை என்று கண்டுபிடித்ததற்கே அந்த மதிப்பெண் கிடைத்துவிடும். மலைக்குள், காப்பிக்கும் காட்டுக்கும் இடையே மாதிரியால் பிரித்தறிய முடிகிறதா என்பதுதான் உங்களுக்கு வேண்டிய சோதனை. அதற்கு, தரவை எழுந்தமானமாகப் பிரிக்காமல் நிலப்பரப்பாகப் பிரிக்க வேண்டும்: பீடபூமியின் மேற்குப் பாதியில் பயிற்றுவித்து, கிழக்குப் பாதியில் சோதித்துப் பாருங்கள்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று. ‘பார்க்கவில்லை’ என்பதும் ‘இல்லை’ என்பதும் ஒன்றல்ல என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த வேறுபாடு வாழிடத்துக்கு வாழிடம் மாறும் என்பதைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். காட்டுக்குள் 100 இடங்கள், நிழற்காப்பியில் 100 இடங்கள், ஒவ்வொன்றுக்கும் 4 முறை செல்கிறோம். காட்டில் 60 இடங்களிலும் காப்பியில் 48 இடங்களிலும் அந்தப் பறவை உண்மையாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடர்ந்த காட்டில் ஒருமுறை சென்றால் அதைக் கண்டுகொள்ளும் வாய்ப்பு 0.3, திறந்த காப்பித் தோட்டத்தில் 0.5. நான்கு முறையும் தவறவிடும் வாய்ப்பு காட்டில் 0.7இன் நான்காம் அடுக்கு, அதாவது 0.24, காப்பியில் 0.5இன் நான்காம் அடுக்கு, அதாவது 0.06. ஆகவே நம் குறிப்பேட்டில் காட்டில் 46 இடங்கள், காப்பியில் 45 இடங்கள் என்றுதான் பதிவாகும். ‘காப்பித் தோட்டம் காட்டுக்கு நிகரானது’ என்று இதை வைத்து அறிக்கை எழுதிவிடலாம். உண்மையில் 12 இடங்கள் வேறுபாடு இருக்கிறது. டாரில் மெக்கென்சியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2002இல் முன்வைத்த ஆக்குபென்சி (இருத்தல்) மாதிரி இதற்காகவே பிறந்தது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பச் சென்று, ‘இருந்தது, இல்லை, இல்லை, இருந்தது’ என்ற வரிசையைக் குறித்துக்கொண்டால், அந்த வரிசையிலிருந்தே கண்டறிதல் வாய்ப்பையும் இருத்தல் வாய்ப்பையும் தனித்தனியாக மதிப்பிட்டுவிடலாம். இ-பேர்டின் முழுமையான பட்டியல்கள் ஒரே இடத்தில் பலமுறை எடுக்கப்பட்டிருந்தால் அவற்றையும் இவ்வாறு பயன்படுத்த முடியும்.

வௌவாலுக்கு வரும்போது இந்தக் கண்டறிதல் சிக்கல்தான் ஆட்டத்தையே தீர்மானிக்கிறது. வௌவால்கள் எழுப்பும், நம் காதுக்கு எட்டாத மீயொலியைப் பதிவு செய்யும் கருவியை ஓர் ஓடையோர மரத்தில் கட்டி வைத்துவிட்டு, மறுநாள் அந்தப் பதிவைக் கணினித் திரையில் விரித்துப் பாருங்கள். குதிரைலாட வௌவாலின் ஒலி நீண்ட தட்டையான கோடாக, இரு முனைகளிலும் சற்றே கீழ்நோக்கி வளைந்த சிறு வாலோடு தெரியும். ஒரே அதிர்வெண்ணில் நிலைத்து நிற்கும் அந்தக் கோட்டின் உயரத்தை வைத்தே பெரும்பாலும் இனத்தைச் சொல்லிவிடலாம். பிபிஸ்ட்ரெல் என்னும் சிறு வௌவால் வகையினுடையது மேலிருந்து சரிந்து, கீழே கொக்கிபோல் மடங்கும். இதுவரை எளிது. ஆனால் 100 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் காற்று ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறக்குறைய 3 டெசிபெல் உறிஞ்சிவிடுகிறது. 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியில் இந்த இழப்பு அதில் பாதிக்கும் குறைவு. அதனால் உயர்ந்த அதிர்வெண்ணில் ஒலிக்கும் சிறிய குதிரைலாட வௌவால் சில மீட்டருக்குள் வந்தால்தான் கருவி அதைக் கேட்கும். மரஉச்சிக்கு மேலே தாழ்ந்த அதிர்வெண்ணில் உரக்க ஒலித்துப் பறக்கும் வௌவால் வெகு தொலைவிலிருந்தே பதிவாகிவிடும். பெரிய காதுகளால் இரையின் சலசலப்பையே கேட்டு வேட்டையாடும் மெகாடெர்மா வகைகள் மிக மெல்லிய ஒலியே எழுப்புகின்றன. பழ வௌவால்களில் பெரும்பாலானவை இந்த முறையில் ஒலிப்பதே இல்லை. அவற்றுள் ரௌசெட்டஸ் வகைதான் நாக்கைச் சொடுக்கி எதிரொலி கேட்கிறது. எனவே குட்டைமூக்குப் பழ வௌவால் நூறு பேர் கருவியின் தலைக்கு மேலேயே காட்டு வாழையை மொய்த்தாலும் பதிவில் ஒன்றும் இராது.

இதன் விளைவு என்னவென்றால், ஒலிப்பதிவை மட்டும் நம்பிச் செய்யும் வரைபடம் திறந்தவெளி வௌவால்களைப் பெருக்கிக் காட்டும். காட்டின் உள்ளடுக்கில் குட்டையான, அகன்ற இறக்கைகளோடு இலைகளுக்கிடையே வளைந்து திரும்பும் வௌவால்களை, அதாவது நமக்கு மிகவும் அக்கறையுள்ளவற்றை, குறைத்துக் காட்டும். மிஸ்ட் நெட் எனப்படும் மெல்லிய வலை இதற்கு நேர்மாறு: தாழப் பறப்பவை அதில் சிக்கும், மரஉச்சிக்கு மேலே பறப்பவை சிக்கா. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே முறை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே வௌவால் ஓடையின் மேல் முன்னும் பின்னுமாகப் பறந்தால் நூறு ஒலிக்கோப்புகள் சேரும். அது நூறு வௌவால்கள் ஆகாது. கோப்புகளின் எண்ணிக்கையை எண்ணாமல், ஓர் இரவில் அந்த இனம் பதிவானதா இல்லையா என்று மட்டும் எடுத்துக்கொண்டால், அது அப்படியே ஆக்குபென்சி மாதிரிக்குத் தேவையான வரிசையாகிவிடும். ஐரோப்பிய வௌவால்களை வைத்துப் பயிற்றுவித்த தானியங்கி அடையாள மென்பொருளை இங்கே பயன்படுத்த வேண்டாம். நம் காட்டில் இல்லாத இனத்தின் பெயரை அது மிகுந்த தன்னம்பிக்கையோடு சொல்லும்.

வால்பாறையிலேயே இப்படிப்பட்ட ஆய்வுகள் நடந்திருக்கின்றன என்பது உங்களுக்கு உதவும். இப்பகுதி வௌவால்களின் வாழிடப் பொருத்தத்தை மேக்ஸென்ட் கொண்டு ஆராய்ந்த கட்டுரை 2015இல் வெளியாயிற்று. சுற்றுவட்டாரத்தில் தேயிலையின் பங்கு கூடக்கூடப் பல இனங்களுக்கு அந்த இடம் பொருத்தமற்றதாகிறது என்பதும், நிழல் மரங்களோடு கூடிய காப்பித் தோட்டம் தேயிலையைவிட வெகுவாக மேலானது என்பதும் அவ்வட்டார ஆய்வுகளின் பொதுவான முடிவுகள். அந்தப் புள்ளியில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் பார்க்காமல், அதைச் சுற்றிச் சில நூறு மீட்டருக்குள் என்ன இருக்கிறது என்பதையும் மாறியாகச் சேர்த்ததுதான் அந்த ஆய்வில் நீங்கள் பின்பற்ற வேண்டியது. இரவெல்லாம் பறக்கும் ஓர் உயிருக்குக் கட்டம் ஒன்றின் நிறம் போதாது.

மிகக் குறைந்த பதிவுகளே உள்ள இனங்களுக்கு மாதிரி செய்வதைப் பற்றியும் ஒரு சொல். சலீம் அலி பழ வௌவாலின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1948இல் மேகமலைக் காப்பித் தோட்டம் ஒன்றில் ஆங்கஸ் ஹட்டன் பிடித்த ஒற்றை வௌவால், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் குட்டைமூக்குப் பழ வௌவால் என்ற பெயரிலேயே கிடந்தது. 1972இல் கிட்டி தொங்லொங்யா அதைப் புதிய பேரினம் என்று இனங்கண்டார். அதற்குப் பிறகும் 1990கள் வரை அந்த ஒரே சான்றுதான். இன்றும் அது தெரிந்த இடங்கள் மிகச் சில. இத்தகைய இனத்துக்கு வரையும் வண்ணப்படத்தை ‘இங்கெல்லாம் வாழ்கிறது’ என்று படிக்கக் கூடாது; அடுத்த முறை எங்கே தேடிப் போகலாம் என்பதற்கான பட்டியலாக மட்டும் அதைக் கொள்ளலாம். (1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழ வௌவால்களைக் காகம், எலி ஆகியவற்றோடு சேர்த்துத் தொல்லை விலங்குகளின் அட்டவணையில் வைத்திருந்தது, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தோடுதான் அந்த அட்டவணை ஒழிந்தது. பல பத்தாண்டுகளாக இவற்றைத் தேடிப் போனவர்கள் குறைவு என்பதில் வியப்பில்லை.)

பொருத்தமான இடம் என்பதும் சென்றடையக்கூடிய இடம் என்பதும் வேறு என்பதற்கு மேற்குத் தொடர்ச்சி மலையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. மலையுச்சிச் சோலைகளில் தரையருகே திரியும் நீலநிறச் சோலைச்சிட்டான்களை எடுத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஓர் இனம். தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் இன்னோர் இனம். நீலகிரி இனத்தின் பதிவுகளை மட்டும் கொடுத்து மாதிரி செய்தால், ஆனைமலையின் உயர்ந்த சோலைகள் முழுவதையும் அது நல்ல வாழிடம் என்று காட்டும். குளிரும் மழையும் உயரமும் ஒத்துப்போகின்றனவே. ஆனால் நீலகிரி இனம் அங்கே இல்லை, ஏனெனில் இடையிலுள்ள தாழ்ந்த, வெப்பமான, 30 கிலோமீட்டருக்கும் மேல் அகன்ற அந்தக் கணவாய் அதற்குக் கடல். மலைப்பறவைகள் 23 இனங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு 2015இல் வெளியான ஆய்வும், எல்லா இடைவெளிகளிலும் பாலக்காட்டுக் கணவாயே மிகுதியான இனங்களைப் பிரித்திருக்கிறது என்று காட்டிற்று. கவனிக்க வேண்டியது, அதே கணவாய் எல்லாப் பறவைகளையும் பிரிக்கவில்லை என்பது. தடை என்பது நிலத்தின் குணம் மட்டுமல்ல. கடக்கும் உயிரின் குணமும் அதில் இருக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இங்கிருந்துதான் வர வேண்டும். துண்டுக் காடுகளுக்கிடையே வழி கண்டுபிடிப்பதற்கு இன்று பரவலாகப் பயன்படுவது, பிராட் மெக்ரே வகுத்த மின்சுற்றுக் கோட்பாட்டு முறை. நிலப்பரப்பின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தடை மதிப்பைக் கொடுத்து, ஒரு காட்டில் மின்னோட்டத்தைச் செலுத்தி மறு காட்டில் எடுத்தால் எந்தெந்தக் கட்டங்கள் வழியாக எவ்வளவு பாயும் என்று கணக்கிடுவார்கள். கணக்கு சரியானதே. தடை மதிப்பை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். வாழிடப் பொருத்த வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பி, பொருத்தம் குறைந்த இடத்தில் தடை அதிகம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். இருவாச்சிக்கு இது அடியோடு பொருந்தாது: அது தேயிலையில் வாழ்வதில்லை, ஆனால் தேயிலையின் மேல் இறக்கையொலி கேட்கக் கேட்கத் தயக்கமில்லாமல் பறந்து கடக்கிறது. காட்டின் உள்ளடுக்கில் வாழும் சிறு பறவைகளுக்கோ நிலைமை எதிர்மாறாக இருக்கலாம். பனாமாவின் காட்டூன் ஏரியில் நடந்து 2008இல் வெளியான சோதனை ஒன்று நினைவுக்கு வருகிறது. காட்டுப் பறவைகளைப் பிடித்துப் படகில் கொண்டுபோய்க் கரையிலிருந்து 100 மீட்டர் முதல் தொலைவு கூட்டிக்கூட்டி விடுவித்தார்கள். சில இனங்கள் சிரமமில்லாமல் கரை சேர்ந்தன. உள்ளடுக்கில் வாழும் சில இனங்களால் 100 மீட்டரைக்கூடக் கடக்க முடியவில்லை, தண்ணீரில் விழுந்தவற்றை மீட்க வேண்டியிருந்தது. சிறகு இருக்கிறது என்பதற்காகப் பறவை எங்கும் போய்விடும் என்று எண்ணிவிட முடியாது.

வௌவால்களுக்குத் தடை அடுக்கில் சேர்க்க வேண்டியதும், பலரும் சேர்க்க மறப்பதும் விளக்கொளி. இங்கிலாந்தில் சிறிய குதிரைலாட வௌவால்கள் வழக்கமாகச் செல்லும் புதர்வேலிகளில் தெருவிளக்குகளைப் பொருத்திச் செய்த ஆய்வு 2009இல் வெளியானது. விளக்கெரிந்த இரவுகளில் அவ்வழியே வௌவால்களின் நடமாட்டம் வெகுவாகக் குறைந்தது. வாழிடத்தில் எந்த மாற்றமும் இல்லை, வழி மட்டும் அடைபட்டது. நம் குதிரைலாட வௌவால்களும் அப்படியே நடந்துகொள்ளும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எஸ்டேட் லைன் வீடுகள், தேயிலைத் தொழிற்சாலை, புதிய விடுதிகள் ஆகியவற்றின் விளக்குகள் ஆற்றோர மரவரிசையை எங்கெங்கே வெட்டுகின்றன என்று குறித்துவைப்பது பயன் தரும். செயற்கைக்கோளின் இரவு வெளிச்சப் படங்கள் சில நூறு மீட்டர் கட்டங்களாக இருப்பதால் ஒற்றை விளக்குக் கம்பத்தைக் காட்டா. அந்தியில் நடந்து குறிப்பதுதான் வழி.

நகர்வை நேரடியாக அறிய வேண்டுமானால் விலங்கின் மீதே கருவி பொருத்த வேண்டும். அதை எடைதான் முடிவு செய்கிறது. உடல் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் கருவி இருக்கக் கூடாது என்பது நெடுநாளைய நடைமுறை. பலர் அதையும் குறைத்து 3 விழுக்காடு என்கிறார்கள். ஒரு கிலோவை ஒட்டிய எடையுள்ள பெரும் பழந்தின்னி வௌவாலுக்கும், 2 கிலோவைத் தாண்டும் பெரிய இருவாச்சிக்கும் ஜிபிஎஸ் பொருத்தலாம். 10 கிராம் எடையுள்ள குதிரைலாட வௌவாலுக்கு அரை கிராம்தான் வரம்பு. அந்த எடையில் ரேடியோ ஒலிபரப்பி மட்டுமே அகப்படும். அதன் மின்கலமும் சில நாட்களிலிருந்து ஓரிரு வாரங்களுக்குள் தீர்ந்துவிடும். செங்குத்தான பள்ளத்தாக்குகளில் சமிக்ஞை எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பி, வௌவால் இருக்கும் திசையையே தவறாகக் காட்டும்.

கருவி பொருத்த முடிந்த இனங்களிலும் பருவத்தை மறந்துவிடக் கூடாது. கூடுகட்டும் காலத்தில் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருக்கிறது. ஆண் பழம் திரட்டி அந்த ஒரே மரத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும். அப்போது அதன் உலவுபரப்பு கூட்டைச் சுற்றிக் கட்டுண்டது. குஞ்சு வெளியேறிய பின் அந்தக் கட்டு அவிழ்கிறது; எங்கே அத்தி பழுத்ததோ அங்கே போகிறது. பன்னிரண்டு மாதத் தரவையும் கலந்து ஒரே உலவுபரப்பு வரைந்தால் அது இரண்டு காலத்துக்கும் பொருந்தாது. இவை கண்ணில் பட்ட வழியில் தட்டுத்தடுமாறித் தேடுபவை என்று மாதிரியில் எடுத்துக்கொள்வதும் சரியல்ல. இஸ்ரேலின் ஹூலா பள்ளத்தாக்கில் 172 எகிப்தியப் பழ வௌவால்களைத் தொடர்ந்து கண்காணித்து 2020இல் வெளியான ஆய்வில், அவை முன்பே அறிந்த பழமரங்களை நோக்கி நேர்கோட்டில், புதிய குறுக்குவழிகளிலும் பறந்தது தெரிந்தது. நினைவு உள்ள விலங்குக்கு அருகிலிருக்கும் கட்டம் முக்கியமல்ல, அது அறிந்த மரம் எங்கே இருக்கிறது என்பதே முக்கியம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் குழு இப்போதைக்கு என்ன செய்யலாம்? இருவாச்சி வரைபடத்தை நான் சொன்னபடி குறுகிய பட்டியல்களோடு மறுபடி ஓட்டுங்கள். மிகப் பொருத்தம் என்று வந்த இடங்களில் சிலவற்றுக்கும், பொருத்தமில்லை என்று வந்த இடங்களில் சிலவற்றுக்கும் நேரில் சென்று பாருங்கள். பின்னவற்றுக்குப் போக யாருக்கும் மனம் வராது, ஆனால் மாதிரி பொய்யாகிறதா என்பது அங்கேதான் தெரியும். வௌவாலுக்கு நீங்கள் புதிதாகவே தொடங்க வேண்டும். கைவசமுள்ள மீயொலிக் கருவிகளை இணை இணையாக வையுங்கள்: ஒன்று ஆற்றோர மரவரிசையில், அதன் இணை அதே உயரத்தில், அதே இரவில், காட்டிலிருந்து அதே தொலைவிலுள்ள தேயிலையில். இரண்டுக்கும் ஒலி கேட்கும் தூரம் வேறுபடும் என்பதால், பதிவு செய்த மீயொலியைச் சிறு ஒலிபெருக்கி வழியாக வெவ்வேறு தொலைவுகளிலிருந்து எழுப்பி, எவ்வளவு தூரம் வரை கருவி பிடிக்கிறது என்று இரு இடங்களிலும் முதலில் அளந்துவிடுங்கள். தனித்தனி வௌவாலின் பயணம் இதில் தெரியாது. காட்டுக்கும் காட்டுக்கும் இடையே எந்த வழியில் நடமாட்டம் அதிகம் என்பது தெரியும், உங்கள் கேள்விக்கு அது போதும்.

வலை விரிப்பதற்கும் கருவி பொருத்துவதற்கும் வனத்துறை அனுமதி கட்டாயம். பயிற்சி பெற்ற ஆய்வாளர் உடனில்லாமல் வௌவாலைக் கையால் தொடவே கூடாது. பழந்தின்னி வௌவால்கள் தங்கும் மரங்களின் துல்லியமான இடக்குறிப்பைப் பொதுவில் வெளியிடவும் வேண்டாம். கேரளத்தில் நிபா செய்தி வரும்போதெல்லாம் அத்தகைய மரங்களை வெட்டச் சொல்லிக் குரல் எழுகிறது. மரத்தை வெட்டினால் வௌவால்கள் கலைந்து பரவுமே தவிர வேறொன்றும் நடக்காது. கடைசியாக ஒன்று: பருவமழை மாதங்களில் வால்பாறையில் ஒலிவாங்கியில் மழைச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் அனேகமாகப் பதிவாகாது. ஆகவே உங்கள் வௌவால் தரவு முழுவதும் டிசம்பர் முதல் மே வரையிலான இரவுகளிலிருந்தே வரும். வரைபடத்தின் தலைப்பிலேயே அந்த மாதங்களை எழுதிவிடுங்கள். கருவி வைக்காத எஸ்டேட்டுகளுக்கு நிறம் தீட்டாமல் குறுக்குக்கோடு போட்டு விட்டுவிடுங்கள்.